பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமங்கள்: மக்கள்தொகையும் நிர்வாகமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னம் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் காத்திருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் வருடம் முழுக்க ஏறத்தாழ ஒன்றேதான். பலர் இரண்டு மூன்று அலுவலகம் அலைந்துவிட்டு, கடைசியில்தான் இங்கே வருகிறார்கள். அதனால் அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். எண்ணிக்கை எல்லாம் பெரம்பலூர் மாவட்டத்துக்கு உரியவை. அலுவலக நடைமுறை மற்ற மாவட்டக் கிராமங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நம்ம மாவட்டத்துல மொத்தம் எத்தனை பேர் இருக்கோம்?

2011 கணக்கெடுப்பின்படி 5,65,223 பேர். ஆண்கள் 2,82,157, பெண்கள் 2,83,066. அப்போது தமிழ்நாட்டில் இருந்த 32 மாவட்டங்களில் மக்கள்தொகை மிகக் குறைந்தது நம்முடையதுதான். மலை மாவட்டமான நீலகிரியில்கூட 7,35,394 பேர் இருந்தார்கள். 2001-இல் நாம் சுமார் 4.94 லட்சம். பத்து வருடத்தில் பதினான்கரை சதவீதம் கூடியிருக்கிறோம்.

நூறு பேரில் 83 பேர் கிராமத்தில் இருக்கிறோம். மாவட்டத்தில் நகராட்சி பெரம்பலூர் ஒன்றே ஒன்று, அதிலும் 2011-இல் ஐம்பதாயிரம் பேர் தேறவில்லை. அதற்கு அடுத்து குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு என நான்கு பேரூராட்சிகள். மிச்சமெல்லாம் கிராம ஊராட்சிதான். சோளக்காடு, பருத்திக்காடு, சின்ன வெங்காயம், நடுநடுவே ஊர் என்று பஸ்ஸில் போகும்போது தெரிவதுதான் கணக்கிலும் இருக்கிறது.

இன்னும் ஏன் 2011 கணக்கையே சொல்றீங்க? புதுசு இல்லையா?

இல்லை. 2021-இல் எடுத்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. அப்புறம் 2025 ஜூன் மாதம் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு, 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்தது. அதற்கு முன்னால் வீட்டுப் பட்டியல் எடுப்பார்கள். சாதியும் இந்த முறை கேட்கப்படும்.

பழைய எண்ணிக்கைதானே என்று விட்டுவிட முடியாது. ஊராட்சிக்கு வரும் நிதி, பட்டியல் சாதியினருக்கு எத்தனை தலைவர் பதவி, ஒன்றியத்துக்கு எத்தனை வார்டு, கிராம சபைக்கு எத்தனை பேர் வரவேண்டும், எல்லாம் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஓடுகிறது. 2011-க்குப் பிறகு உங்கள் ஊரில் புது நகர் முளைத்திருந்தாலும் காகிதத்தில் அந்த வீடுகளில் யாருமே இல்லை.

முன்னாடி நாம திருச்சி மாவட்டம்தானே? அரியலூர் எப்ப பிரிஞ்சது?

1995 நவம்பர் 1-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது கரூரோடு சேர்ந்து பெரம்பலூரும் தனி மாவட்டமானது. அப்போது அரியலூர் நம்மோடு இருந்தது. 2001 சனவரி 1-இல் அது பிரிந்தது. அடுத்த வருடம் மார்ச் கடைசியில் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-இல் மறுபடி பிரித்தார்கள். அதோடு நின்றது.

இது வெறும் பழங்கதை இல்லை. 2002 முதல் 2007 வரைக்குமான அரசுப் புள்ளிவிவரங்களில் ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்று போட்டிருந்தால் அதில் அரியலூரும் அடக்கம். பிள்ளைகள் கல்லூரிக் கட்டுரைக்கு எண் எடுக்கும்போது திடீரென்று மாவட்டம் பாதியாகச் சுருங்கியதுபோல் தெரிவது இதனால்தான். வீட்டுப் பத்திரத்திலும் இதே கதை. 1995-க்கு முந்தியது என்றால் ‘திருச்சிராப்பள்ளி மாவட்டம்’ என்றுதான் இருக்கும். அதைத் திருத்த வேண்டியதில்லை.

தாலுகா, பிர்கா, ஒன்றியம், ஊராட்சி எல்லாம் ஒண்ணுதானே?

கிடையாது. பாதிப் பேர் வீணாக அலைவது இந்த இடத்தில்தான். கலெக்டருக்குக் கீழே இரண்டு வரிசை தனித்தனியாக இறங்குகிறது.

ஒன்று வருவாய்த் துறை. நிலம், சான்றிதழ், ஆக்கிரமிப்பு, வெள்ள நிவாரணம் எல்லாம் இதில் வரும். மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டாட்சியர் (ஆர்டிஓ என்போமே, அவர்), தாசில்தார், பிர்காவுக்கு (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்தது) ஒரு வருவாய் ஆய்வாளர், கடைசியில் விஏஓ என்ற கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு உதவியாகக் கிராம உதவியாளர். நம் மாவட்டத்துக்கு ஒரே கோட்டம். தாலுகா நான்கு: பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர்.

இன்னொன்று ஊரக வளர்ச்சித் துறை. குடிதண்ணீர், தெருவிளக்கு, தெரு சிமெண்டு ரோடு, வீட்டு வரி, நூறு நாள் வேலை, தொகுப்பு வீடு இதில் வரும். இங்கே தாசில்தார் கிடையாது, பிடிஓ என்ற வட்டார வளர்ச்சி அலுவலர்தான். ஒன்றியம் நான்கு: பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு பிடிஓ இருப்பார்கள். ஒருவர் ஒன்றியத்தின் சொந்த வேலையைப் பார்ப்பவர், இன்னொருவர் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர். ‘பிடிஓவைப் பார்த்தேன், இது என் வேலை இல்லைன்னுட்டார்’ என்று வருகிறவர்களில் பலர் பக்கத்து அறைக்குப் போயிருந்தால் போதும்.

குன்னம் தாலுகாவுல இருக்கோம். ஏன் எல்லாரும் வேப்பூர் போகச் சொல்றாங்க?

மேலே சொன்ன இரண்டு பட்டியலையும் பாருங்கள். மூன்று பெயர் பொருந்தும், ஒன்று பொருந்தாது. தாலுகாவுக்குத் தலைமையிடம் குன்னம், ஒன்றியத்துக்குத் தலைமையிடம் வேப்பூர். பட்டா, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு என்றால் குன்னம். குடிதண்ணீர், வீடு கட்டும் திட்டம், ஊராட்சி மேல் புகார் என்றால் வேப்பூர். வாரத்துக்கு நாலு பேராவது தவறான பஸ் ஏறிவிட்டுத்தான் என் கடைக்கு வருகிறார்கள்.

ஒரு இடத்துல 152 கிராமம்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 121ன்னு போட்டிருக்கு. எது சரி?

இரண்டும் சரி. 152 என்பது வருவாய்க் கிராமங்கள். 121 என்பது கிராம ஊராட்சிகள்.

வருவாய்க் கிராமம் என்பது நிலத்துக்குப் போட்ட கோடு. அதற்குள் புல எண்கள் (சர்வே நம்பர்), வரைபடம், நில விவரம் எழுதிய அ-பதிவேடு எல்லாம் இருக்கும். ஆள் குடியிருக்கிறார்களா என்பது அதற்கு முக்கியமே இல்லை. வெறும் காடும் ஏரியுமாக இருந்தாலும் வருவாய்க் கிராமம்தான். ஊராட்சி என்பது ஆட்களுக்குப் போட்ட கோடு. வாக்காளர் வேண்டும், வார்டு வேண்டும், தலைவர் வேண்டும். அதனால் சின்னச் சின்ன வருவாய்க் கிராமங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு ஊராட்சி ஆகியிருக்கும். சில இடத்தில் ஒரே வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சியில் கிடக்கும். கிராமத்து மக்களை 121-ஆல் வகுத்தால் ஒரு ஊராட்சிக்கு நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

இது போதாதென்று குக்கிராமம் என்று ஒன்று உண்டு. நாம் வாயால் ‘எங்க ஊர்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நிலக் கணக்கிலும் அதற்குத் தனி இடம் இல்லை, தேர்தல் கணக்கிலும் தனி இடம் இல்லை. ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டிப் பட்டியலில் மட்டும் பெயர் இருக்கும்.

எங்க ஊர் பேரைப் போட்டா பட்டாவே வரமாட்டேங்குது. ஊரே இல்லையாம்?

நீங்கள் தேடுவது குக்கிராமத்தின் பெயரை. முந்தின பதிலில் சொன்னபடி இணையத்தில் வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் இருக்கும். பெரிய ஊர்களை வடக்கு, தெற்கு என்றும் கிழக்கு, மேற்கு என்றும் இரண்டாக்கி வைத்திருப்பதும் உண்டு. ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் பாருங்கள். ஆலத்தூர் தாலுகா பிற்பாடு வந்தது என்பதால் பழைய பட்டா நகலில் வேறு தாலுகா பெயர் இருக்கும்.

கையில் பழைய பட்டா இருந்தால் அதன் தலைப்பைப் படியுங்கள். மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பட்டா எண் என்று வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே உரிமையாளர் பெயர். அப்புறம் கட்டத்துக்குள் புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய், பரப்பு, தீர்வை (நில வரி). பரப்பு ஹெக்டேர் - ஏர் கணக்கில் இருக்கும். ‘0 - 40.50’ என்று இருப்பதைப் பார்த்து நாற்பது சென்ட்தானா என்று பதறியவர்கள் உண்டு. நாற்பது சென்ட் இல்லை, ஒரு ஏக்கர். ஒரு ஏர் என்பது ஏறத்தாழ இரண்டரை சென்ட்.

விஏஓ, ஊராட்சி செயலர் – ரெண்டு பேர்ல யாருக்கிட்ட போகணும்?

விஏஓ வருவாய்த் துறை ஆள். டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி வந்தவர், வேறு ஊர்க்காரராகத்தான் பெரும்பாலும் இருப்பார், மாறுதலும் உண்டு. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்ற அடங்கல் கணக்கை எழுதுவது, சான்றிதழ் மனுவை விசாரிப்பது, புறம்போக்கைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஊராட்சி செயலர் ஊராட்சியின் பணியாளர். வரி ரசீது, கூட்டத் தீர்மானம், வேலை அட்டை, மோட்டார் போடுபவர் மேல் புகார் எல்லாம் அவரிடம்.

வீட்டு வரி ரசீதை விஏஓவிடம் கேட்பதும், அடங்கலைச் செயலரிடம் கேட்பதும் தினம் நடக்கிறது. இருவர் அலுவலகமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடமாக இருப்பதுதான் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

எங்க தாத்தா கணக்குப்பிள்ளையா இருந்தாராம். அந்த வேலை எங்களுக்கு வராதா?

வராது. கர்ணம், முன்சீப் என்று பரம்பரையாக வந்த கிராம அதிகாரிப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் நீக்கியது. அதற்குப் பதிலாக வந்ததுதான் விஏஓ பதவி. அந்தப் பழைய குடும்பங்களுக்கு அதில் உரிமை எதுவும் இல்லை.

சில வீடுகளில் பழைய கணக்கு நோட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. அவற்றை எடுத்து வந்து ‘இதை வைத்துப் பட்டா வாங்கித் தாருங்கள்’ என்பார்கள். அதற்குப் பயன்படாது. ஆனால் தூக்கிப் போட வேண்டாம். எல்லைத் தகராறு கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் கேட்பார்.

சாதிச் சான்றிதழுக்கு எல்லாரும் தாசில்தார்கிட்டதான் போகணுமா?

விண்ணப்பம் எல்லாருக்கும் ஒரே வழிதான். இ-சேவையில் போட்டு, கட்டணம் 60 ரூபாய் கட்டினால் விஏஓ, வருவாய் ஆய்வாளர் என்று மேலே ஏறும். கையெழுத்து போடுகிறவர்தான் மாறுவார். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்றால் துணை தாசில்தார். பட்டியல் சாதி என்றால் தாசில்தார். பழங்குடி என்றால் கோட்டாட்சியர்.

நம் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். ஆகவே தாசில்தார் மேசைக்குப் போகும் மனு இங்கே அதிகம், பள்ளி திறக்கும் மாதத்தில் தேங்கும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஓடிவராமல் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். ஒருமுறை வாங்கினால் போதும், ஆயுளுக்கும் செல்லும்.

வீட்டுல பாட்டி இறந்துட்டாங்க. இறப்புச் சான்று ஆஸ்பத்திரியில தரமாட்டேங்கிறாங்க.

வீட்டில் நடந்த இறப்பை ஆஸ்பத்திரி பதிய முடியாது. கிராம ஊராட்சி எல்லைக்குள் என்றால் விஏஓதான் பிறப்பு இறப்புப் பதிவாளர். 21 நாளுக்குள் சொன்னால் காசில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு அவரே பதிவார். அதற்கு மேல் போனால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 21 நாள் எப்படிப் போயிற்று என்றே தெரியாது.

வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், பேங்க் பணம் எதுவும் இது இல்லாமல் நகராது.

ஜமாபந்தின்னா என்ன? போனா உடனே பட்டா கிடைக்குமா?

வருவாய்த் துறையின் வருடாந்திரக் கணக்கு முடிப்பு. அவர்கள் வருடம் சனவரியில் தொடங்குவதில்லை. பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடியும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. அதனால்தான் ஜமாபந்தி மே, ஜூனில் வருகிறது. தாலுகா அலுவலகத்தில் ஒவ்வொரு பிர்காவுக்கும் ஒரு நாள் ஒதுக்குவார்கள். உங்களுக்கு எந்த பிர்கா என்று தெரிந்துகொண்டு போங்கள். வாலிகண்டபுரம் பிர்காக்காரர் வெங்கலம் பிர்கா நாளில் போய் நின்றால் அவர் விஏஓவின் கணக்கு அங்கே இருக்காது.

உடனே பட்டா கிடைக்குமா என்றால், எளிய மனுவாக இருந்தால் கிடைக்கும். முழுப் புலத்தையும் அப்படியே வாங்கி, பெயர் மட்டும் மாற வேண்டும் என்பது எளியது. பாதியை வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும், சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அது ஜமாபந்தியில் முடிகிற வேலை இல்லை. மனு எண்ணை மட்டும் பத்திரமாக வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஊராட்சி எலெக்‌ஷன்ல எதுக்கு நாலு ஓட்டு?

ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு ஒன்று. தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று சீட்டு நிறம் மாறும். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பின் இரண்டுக்கும் உண்டு. ஒன்றியத்தில் ஐயாயிரம் பேருக்கு ஒரு வார்டு, மாவட்ட ஊராட்சியில் ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு வார்டு என்பது கணக்கு.

ஒன்றியத் தலைவருக்கு ஏன் ஓட்டு இல்லை என்று அடுத்து கேட்பார்கள். அவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரே தலைவர் ஊராட்சித் தலைவர்தான். அதனாலேயே அந்த ஒரு பதவிக்கு ஊரில் இவ்வளவு சூடு.

தலைவரே இல்லைங்கிறாங்களே, பின்ன யார் கையெழுத்து போடறது?

நம் மாவட்டத்தில் கடைசியாக 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2025 சனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் தேர்தல் வரும்வரை தனி அலுவலர் பொறுப்பு. ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் பிடிஓதான். வழக்கமாகத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய செலவெல்லாம் அவர் பொறுப்புக்கு வந்துவிடும்.

ஒரு பிடிஓ, முப்பது ஊராட்சி. தெருக்குழாய் உடைந்ததை அவருக்கு எப்படித் தெரியும்? ஊராட்சி செயலரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுத்து, நகலில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இது என் அனுபவத்தில் சொல்வது, சட்டம் இல்லை.

கிராம சபைக்கு நாலு பேர்தான் வர்றாங்க. அந்தத் தீர்மானம் செல்லுமா?

செல்லாது. ஊர் மக்கள்தொகைக்கு ஏற்ப குறைந்தபட்ச வருகை உண்டு. 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நம் ஊராட்சிகளின் சராசரியை மேலே பார்த்தோம். ஆக, அந்தச் சராசரி அளவுள்ள ஊராட்சி என்றால் 200 பேர் வர வேண்டும்.

நடக்கும் நாட்கள் சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. கூட்டத்தில் கையெழுத்து நோட்டு சுற்றி வரும்போது எதற்கென்று படித்துவிட்டுப் போடுங்கள். கூட்டம் முடிந்து நோட்டு வீடு வீடாக வருகிறதென்றால் போடாதீர்கள். அங்கே போன கையெழுத்து என்ன தீர்மானத்துக்குக் கீழே உட்காருகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ஏரி மதகு உடைஞ்சிருக்கு. விஏஓ, பிடிஓ ரெண்டு பேரும் கைய விரிக்கிறாங்க.

ஏரி யாருடையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத் துறையின் ஏரி. பொதுப்பணித் துறை ஏரி என்று இன்னமும் சொல்வோம். நூறு ஏக்கருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் ஏரி, பிடிஓ அலுவலகப் பொறியாளர் பார்க்க வேண்டும். விஏஓவுக்கு மதகு வேலை கிடையாது. ஆனால் ஏரிக்குள் யாராவது வரப்பு போட்டு மக்காச்சோளம் விதைத்திருந்தால் அது அவர் தலையில்தான்.

ரோடும் இதே மாதிரிதான். ஊருக்குள் தெரு ஊராட்சி. ஊரையும் ஊரையும் சேர்க்கும் சின்ன ரோடு ஒன்றியம். பஸ் போகும் பெரிய ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறை. திருச்சி - சென்னை நான்கு வழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையம். தெருவிளக்கில் பல்பு ஊராட்சி, கம்பமும் ஒயரும் மின்வாரியம்.

நாங்க பெரம்பலூர் மாவட்டம். ஓட்டு மட்டும் ஏன் சிதம்பரம் எம்பிக்கு?

தொகுதிக் கோடு மாவட்டக் கோட்டைப் பார்ப்பதில்லை. மாவட்டத்தில் இரண்டு சட்டமன்றத் தொகுதி. பெரம்பலூர் (தனி) தொகுதி பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது. குன்னம் சிதம்பரத்தில் இருக்கிறது. குன்னம் தொகுதிக்குள்ளேயே அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கமும் வரும். அதைவிட வேடிக்கை பெரம்பலூர் எம்பி தொகுதி. அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் பெரம்பலூர் மாவட்டத்தது ஒன்றே ஒன்று. லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் திருச்சி மாவட்டம், குளித்தலை கரூர் மாவட்டம்.

எம்பி நிதியில் பள்ளிக்குக் கட்டடம் கேட்டு மனு எழுத வருபவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேப்பூர்க்காரர் மனு பெரம்பலூர் எம்பிக்குப் போனால் அது அங்கேயே கிடக்கும்.

நம்ம மாவட்டத்துல பொம்பளைங்க அதிகம்னு பெருமையா சொல்றாங்களே?

ஆயிரம் ஆணுக்கு 1,003 பெண் என்பது உண்மை. ஆனால் அதே 2011 கணக்கில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் பாருங்கள்: ஆண் 31,170, பெண் 28,464. அதாவது ஆயிரத்துக்கு 913. பெண் குழந்தை பிறக்கவிடாமல் செய்யும் வேலை நடந்திருக்கிறது என்பதைத் தவிர இவ்வளவு பெரிய பள்ளத்துக்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது.

பெரியவர்களில் பெண் எண்ணிக்கை கூடித் தெரிவதற்கு ஒரு காரணம் ஆண்கள் பிழைக்க வெளியூர், வெளிநாடு போயிருப்பது. இன்னொன்று பெண்கள் கூடுதல் காலம் உயிரோடு இருப்பது. 1,003-ஐ மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் அடுத்த வரியில் 913-ஐயும் சொல்ல வேண்டும்.

எங்க வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார். கணக்கெடுக்க வந்தா அவர் பேரையும் சொல்லலாமா?

கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க அவர் அங்கேதான் என்றால் உங்கள் வீட்டில் அவரை எண்ணமாட்டார்கள். வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் ஒருவர் எண்ணப்படுவார். திருப்பூரில் வருடம் முழுக்க வேலை செய்யும் மகன் திருப்பூர்க் கணக்கு. ரேஷன் கார்டில் பெயர் இருப்பதும், வாக்காளர் பட்டியலில் இருப்பதும், மக்கள்தொகைக் கணக்கும் மூன்றும் வேறு வேறு. ஒன்றில் இல்லை என்பதால் மற்றதில் பெயர் போய்விடாது.

லப்பைக்குடிக்காடு மாதிரி வளைகுடாவுக்கு நிறையப் பேர் போன ஊர்களில், காகிதத்தில் இருக்கும் எண்ணிக்கைக்கும் ரம்ஜானுக்கு ஊரில் தெரியும் கூட்டத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

எங்க குக்கிராமத்தைத் தனி ஊராட்சியா பிரிச்சுத் தர முடியுமா?

கேட்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுக்கலாம். கிராம சபைத் தீர்மானமும் வேண்டும். அதே கிராம சபையில் தாய் ஊர்க்காரர்களும் இருப்பார்கள், அவர்கள் எண்ணிக்கையும் கூடுதல் என்பதை மறக்க வேண்டாம். மக்கள்தொகை, வரி வருமானம் இரண்டையும் பார்த்து அரசுதான் முடிவெடுக்கும். கணக்கெடுப்பு முடியும்வரை எல்லையை மாற்ற முடியாதபடி 2025 டிசம்பர் 31-க்குப் பின் எல்லாம் உறைந்துவிடும் என்று ஏற்கெனவே அறிவித்தார்கள். ஆகவே 2027 கணக்கெடுப்பு முடிவதற்குள் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

பேரூராட்சி ஆக்கச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் கிராமத்துக்கு என்று வரும் வேலைத் திட்டம் போய்விடும், வரி கூடும். ஊரில் பத்துப் பேருக்குக் கடை இருக்கிறது, மற்றவர்களுக்குக் காட்டுவேலைதான் என்றால் யாருக்காகக் கேட்கிறோம் என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். மனு எழுதுவதானால் வருவாய்க் கிராமத்தின் பெயர், ஊராட்சியின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, தாய் ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற நான்கையும் எழுதிக்கொண்டு வாருங்கள். தட்டச்சு செய்து தருகிறேன்.